எலும்புத்தூளின் முதல் ஆல்பமும் அம்மாவின் அலமாரியும்

எங்கள் குழுவின் பெயர் எலும்புத்தூள். நாங்கள் வாசிப்பது டெத் மெட்டல். தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன்: கிட்டார் ரம்பம் அறுப்பதுபோல இருக்கும். டிரம்ஸ் மாடிப்படியில் பாத்திரங்களை உருட்டிவிட்டதுபோல இருக்கும். பாடுகிறவர் அடிவயிற்றிலிருந்து உறுமுவார். வார்த்தைகள் புரியாது. புரிந்தால், பாடகர் இன்னும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று அர்த்தம்.

கிட்டார், சித்தப்பா. இது பட்டப்பெயர் இல்லை. அவர் நிஜமாகவே என் சித்தப்பா, அப்பாவுடைய கடைசித் தம்பி. வீட்டில் எல்லோரும் இனிமேல் யாரும் பிறக்கமாட்டார்கள் என்று நிம்மதியாக இருந்தபோது பிறந்தவர். என்னைவிட ஒரு வயது சின்னவர். "வயசு என்ன வயசு, உறவுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்று தலையில் குட்டிக் குட்டி என்னை அப்படிக் கூப்பிட வைத்தார்கள். என்னிடமிருந்து மற்றவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. மண்டை ஓடு பனியனும் முழங்கை வரை ஆணி வைத்த தோல்பட்டையுமாக ஒருவர் நிற்பார், நாங்கள் "சித்தப்பா, சுருதி இறங்கியிருக்கு" என்போம். குழுவின் தலைவரும் அவர்தான். தேர்தல் எதுவும் நடக்கவில்லை. ஆம்ப்ளிஃபையர் அவருடையது.

டிரம்ஸ், டீச்சர். மழலையர் பள்ளியில் வேலை. இரண்டு காலாலும் பெடலை மிதித்து ஒரு கட்டடத்தையே இடிக்கக்கூடியவர். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எங்களைப் பார்த்து, "எல்லாரும் தண்ணி குடிச்சாச்சா? யாருக்காவது பாத்ரூம் போகணுமா?" என்று கேட்பார். கேட்டபிறகு யாராவது ஒருவருக்கு நிச்சயம் வந்துவிடும்.

பேஸ் கிட்டார், நான். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளைக்குப் பின்னால் பாதி முகம் தெரிய ஒருத்தன் நிற்பானே, டெத் மெட்டலில் பேஸ் கிட்டாருக்கு அந்த இடம்.

பாடகன், பஞ்சு. கதையே அவனைப் பற்றியதுதான்.

பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் பஞ்சு வரவேற்பாளன். கிளினிக் மத்தியானத்துக்கு மேல்தான் திறக்கும். அதிலிருந்து இருட்டும் வரை, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் "வலிக்காதுங்க, உக்காருங்க, சும்மா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்வது அவன் வேலை. அவன் பேச்சு அவ்வளவு மெல்லிசு. கடைக்குப் போனால் கடைக்காரர் பின்னால் நிற்பவருக்கு முதலில் சாமான் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் எங்கள் பாட்டுகளை எழுதுவது அவன். 'சீழ்', 'நரம்பு வரை', 'இன்னும் கொஞ்சம் வாயைத் திற' என்று ஒன்பது பாட்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நரகத்தைப் பற்றி எழுதியிருக்கிறான் என்று நினைப்பார்கள். எல்லாம் வேலை அனுபவம்.

ஒத்திகை, சித்தப்பா வேலை பார்க்கும் டயர் கடையின் பின்பக்கக் கிடங்கில் நடக்கும். பஞ்சுவின் மைக்கை ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டியில் சொருகியிருந்தோம். டீச்சர் பள்ளியின் ஆண்டு விழாவில் "குட்டீஸ் எல்லாரும் வரிசையா வாங்க" என்று சொல்வதற்காக வாங்கியது அது. சித்தப்பாவின் ஆம்ப்ளிஃபையருக்கு முன்னால் அந்தப் பெட்டி என்ன செய்யும், பாவம். பஞ்சு வாயைத் திறப்பது தெரியும், கழுத்து நரம்பு புடைப்பது தெரியும். நாங்களும் தலையை ஆட்டுவோம்.

அவன் குரலை நாங்கள் கேட்டதெல்லாம் போனில்தான். வீட்டில் பதிவு செய்து குழுவுக்கு அனுப்புவான். முதல் தடவை கேட்டபோது நான் பஸ்ஸில் இருந்தேன். மயிர்க்கூச்செறிந்தது. பூமிக்கு அடியில் யாரோ ஒரு பெரிய கல்லை மெல்ல நகர்த்துவதுபோல ஒரு உறுமல், அதற்குள்ளே அழுகையும் கோபமும் சேர்ந்து அரைபடுகிற மாதிரி இன்னொரு ஒலி. அதில் ஒன்றை இணையத்தில் போட்டோம். எங்கெங்கோ இருக்கிற, முன்பின் தெரியாத ஆட்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "யாருடைய குரல் இது?" கிட்டாரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சித்தப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை.

"இவ்வளவு நல்லா எப்படிடா பதிவு பண்றே?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுல வச்சுதான்" என்றான் பஞ்சு.

வீட்டில் எங்கே என்று எவனும் கேட்கவில்லை. எங்கள் குழுவின் மொத்த அறிவும் அவ்வளவுதான்.

ஸ்டூடியோ கிடைத்தது ஒரு பஞ்சரால். தன் வண்டிக்கு டயர் மாற்ற வந்த ஸ்டூடியோக்காரர் ஒருவர், சவுண்ட் இன்ஜினியர், பிறகு எங்களுக்கு அண்ணன், சித்தப்பாவிடம் புலம்பியிருக்கிறார். ஸ்டூடியோவுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் தரையை உடைக்கிறார்களாம், காலையிலிருந்து சாயங்காலம் வரை டிரில்லிங். பற்பசை விளம்பரக்காரர்கள் ஓடிவிட்டார்கள், தாலாட்டு ஆல்பம் போட வந்த அம்மையாரும் ஓடிவிட்டார். இன்னும் மூன்று நாள் ஸ்டூடியோ சும்மாதான் கிடக்கும்.

"நாங்க வரோம்ணே" என்றார் சித்தப்பா.

"தம்பி, அந்தச் சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்காதா?"

"எந்தச் சத்தம்?"

இப்படியாக எலும்புத்தூளின் முதல் ஆல்பத்துக்கு மூன்று நாள் கிடைத்தது. நாலாவது நாள் தரைவேலை முடிந்து தாலாட்டு திரும்பி வந்துவிடும். பெயரையும் முடிவு செய்தோம்: 'வேர் சிகிச்சை', பல் டாக்டர்கள் ரூட் கெனால் என்பார்களே, அது.

முதல் நாள் அமோகம். டீச்சர் ஒன்பது பாட்டையும் வெளுத்து வாங்கினார். நடுவில் இரண்டு முறை எங்களைப் பாத்ரூம் அனுப்பினார். சித்தப்பா கிட்டாரைக் கொன்று, எழுப்பி, மறுபடியும் கொன்றார். நானும் வாசித்தேன் என்பதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். 'நரம்பு வரை' பாட்டின் நடுவே பக்கத்துக் கட்டடத்து டிரில் புகுந்து தாளம் தப்பாமல் போய்க்கொண்டிருந்தது. "அதை எடுத்துடவா?" என்று அண்ணன் கேட்டார்.

"கை வைக்காதீங்கண்ணே. நம்ம ஆளு அது" என்றார் சித்தப்பா.

இரண்டாம் நாள் காலை பஞ்சு கண்ணாடி அறைக்குள் போனான். உள்ளே ஒரு மைக்கும் ஒரு ஸ்டாண்டும் அவனும் மட்டும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டான். 'சீழ்' ஓடத் தொடங்கியது. நாங்கள் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சு மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

பனிக்காலத்துக் காலையில் ஸ்கூட்டர் ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் இருமுமே. அந்த மாதிரி வந்தது.

அண்ணன் ஒயரைக் கழற்றி மாட்டினார். மைக்கை மாற்றினார். ஸ்கூட்டர் மாறவில்லை.

"பஞ்சு, தண்ணி குடி" என்றார் டீச்சர். குடித்தான். "பாத்ரூம்?" போய்விட்டு வந்தான். ஒன்றும் மாறவில்லை.

"டேய், அந்தக் குரலைப் போடுடா. போன்ல அனுப்புவியே, அதை" என்றார் சித்தப்பா, மைக்கில்.

"அதைத்தான் போடறேன்" என்றான் பஞ்சு. ஹெட்ஃபோனில் தன் குரலை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. கண்ணாடியில் பார்க்கும்போது வேறு எவனோ தெரிந்தால் ஒருத்தன் எப்படி முழிப்பானோ அப்படி முழித்தான்.

உட்கார்ந்து பாடச் சொன்னார் அண்ணன். போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடச் சொன்னார். போர்வைக்குள்ளிருந்து காய்ச்சல்காரன் முனகல் வந்தது. மத்தியானம் ஆனதும் சித்தப்பா எழுந்தார்.

"நாளைக்கு மத்தியானம் கரடி வருவான்."

கரடி வேறொரு குழுவின் பாடகர். ஆள் இரட்டை நாடி. டீ வேண்டும் என்று கேட்டாலே டீக்கடைக்காரர் கல்லாவைத் திறந்து காட்டிவிடுவார், அப்படிப்பட்ட தொண்டை.

"பாட்டு பஞ்சு எழுதினது" என்றேன் நான்.

"எழுத்து அவனுதாவே இருக்கட்டும். யாரு இல்லேன்னா? ஆல்பம் வெளியே வரணும்ல? நாளை மத்தியானம் வரைக்கும் பாப்போம். அதுக்கு மேல எனக்கு வேற வழி இல்லை." சித்தப்பா இதைச் சொல்லும்போது பஞ்சுவைப் பார்க்கவில்லை. ஆணி வைத்த தோல்பட்டையை நோண்டிக்கொண்டிருந்தார்.

பஞ்சுவை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் ஒரே ஒரு தடவை பேசினான். "கிளினிக்ல பேசறேன்ல, அது என் குரல் இல்லடா. சம்பளத்துக்கு வச்சிருக்கிற குரல். என் குரல் அந்த போன்ல இருக்கிறதுதான். அதுவும் இல்லேன்னா எங்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு?"

கிண்டலாக ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தேன். தோன்றாததால் அவன் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

அவன் வீட்டுக்கு நான் அதுவரை போனதில்லை. உள்ளே நுழைந்ததும் பஞ்சு உதட்டில் விரல் வைத்தான். அவன் அப்பா ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பிரிவில் இரவு ஷிப்ட். காலையில் வந்து படுத்தால் மத்தியானத்துக்கு மேல்தான் எழுவார். அவர் தூங்கி எழும் வரை அந்த வீடு மூச்சைக்கூடப் பார்த்துத்தான் விடும். டிவி ஊமையாக ஓடிக்கொண்டிருந்தது. கதவுக் கீல்கள் எல்லாவற்றிலும் எண்ணெய் மினுங்கியது. குக்கர் விசில் அடிக்கப்போகிற நேரம் பார்த்து அவன் அம்மா நுனிக்காலில் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். "வா தம்பி" என்று அவர் சொன்னது உதட்டசைவில்தான் தெரிந்தது.

பஞ்சு நேரே உள்ளறைக்குப் போனான். அங்கே சுவரை ஒட்டி ஒரு பெரிய மர அலமாரி, அவன் அம்மாவின் துணி அலமாரி. கதவைத் திறந்து, தொங்கிக்கொண்டிருந்த துணிகளை விலக்கி, உள்ளே ஏறி, முழங்காலை மார்போடு சேர்த்து உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டான்.

நான் கட்டிலில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். துக்கத்தில் இருப்பவனிடம் 'ஏன் அலமாரிக்குள் போனாய்' என்று கேட்பது மரியாதையில்லை.

அப்புறம் அது வந்தது.

பஸ்ஸில் கேட்டேனே, அதே குரல். மெத்தென்று, துணிகளால் வடிகட்டப்பட்டு, மரத்துக்குள்ளிருந்து. கட்டில் கால் வழியாக என் முதுகெலும்புக்கு ஏறியது. 'சீழ்' பாட்டை முதல் வரியிலிருந்து பாடிக்கொண்டிருந்தான். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அதுவரை இல்லாத ஒரு நீண்ட குறட்டை எழுந்து, சீராகப் போகத் தொடங்கியது. அதை நான் அப்போது பொருட்படுத்தவில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. பயல் இந்தக் குரலைக் கற்றுக்கொண்டதே இதற்குள்தான். முழங்கால் வயிற்றை அழுத்த வேண்டும், முதுகு பலகையில் முட்ட வேண்டும், மூக்குக்கு முன்னால் மூன்று போர்வையும் ஒரு கம்பளிக் கோட்டும் தொங்க வேண்டும். அவனை வெட்டவெளியில் ஒரு ஸ்டாண்டுக்கு முன்னால் நிறுத்தி 'பாடு' என்றால் எப்படிப் பாடுவான்?

நான் கதவைத் திறக்க எழுந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. அவன் அம்மா. இன்னொரு கையில் தண்ணீர் பாட்டில்.

"விடு தம்பி. அழட்டும்" என்றார் காதோடு.

"அழறானா?"

"மூணு வருஷமா இப்படித்தான். உள்ள போயி உக்காந்துக்குவான், இப்படிக் குமுறுவான். நான் ஒண்ணும் கேக்கறதில்லை. தண்ணி மட்டும் வச்சுட்டுப் போயிடுவேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ கூடப் படிச்சவன்தானே. யாரு தம்பி அந்தப் பொண்ணு?"

"அம்மா" என்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டேன். "இது பாட்டும்மா."

அவர் என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். கதவைச் சட்டென்று திறந்தார். உள்ளே கம்பளிக் கோட்டுக்குக் கீழே பஞ்சு வாயைத் திறந்தபடியே உறைந்துபோனான்.

"இது பாட்டா?"

"ஆமாம்மா."

"அப்போ நீ அழலையா?"

"இல்லம்மா. பாடிப் பழகறேன். அப்பா தூங்கறாரேன்னு..."

அம்மா கையை நீட்டி ஒரு ஹேங்கரை உருவினார். அதன்பிறகு நடந்தது முழுக்க முழுக்கக் கிசுகிசுப்பில் நடந்தது. கிசுகிசுப்பாகத் திட்டி, கிசுகிசுப்பாக அடித்து, "மூணு வருஷமா உனக்காக நான் அழுதிருக்கேன்டா, தடிமாடு, தடிமாடு" என்று கிசுகிசுப்பாகவே அழுதார். பஞ்சு கிசுகிசுப்பாக "ஆ" என்றான். சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை நின்றுபோனது. உடனே மூவரும் சிலையானோம்.

நான் வாசலுக்கு வந்து சித்தப்பாவுக்கு போன் போட்டேன்.

"சித்தப்பா, குரல் கிடைச்சிருச்சு. ஆனா அது ஒரு அலமாரிக்குள்ள இருக்கு."

"அதை எடுத்துக்கிட்டு வா."

"குரலையா?"

"அலமாரியைடா!" என்று கத்திவிட்டு, கொஞ்சம் யோசித்து, "எவ்வளவு பெருசு?" என்றார்.

சொன்னேன்.

"டேய், நாம ஆல்பம் போடறோமா, வீடு மாத்தறோமா?"

அம்மாவிடம் கேட்டபோது அவருக்கு ஒரே ஒரு கவலை. "துணியை எல்லாம் எங்க எடுத்து வைக்கிறது?"

"துணியோடதான் வேணும்மா. துணி இல்லேன்னா சத்தம் மாறிடும்" என்றான் பஞ்சு.

"அப்போ நானும் வரேன். என் துணியை நம்பி உங்க கையில விடமாட்டேன்."

மறுநாள் காலை, பஞ்சுவின் அப்பா வந்து படுத்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டதும், டீச்சர் பள்ளி வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். மஞ்சள் வேன், பக்கவாட்டில் குடை பிடித்த வாத்து. நால்வரும் செருப்பைக் கழற்றிவிட்டு, காலுறையோடு, அலமாரியைத் துணியோடு தூக்கினோம். "மெதுவா, மெதுவா. வரிசையா. யாரும் முந்தக் கூடாது" என்று டீச்சர் படியில் பின்னோக்கி இறங்கியபடியே எங்களை நடத்தினார். அம்மா பின்னால் ஹேங்கரோடு வந்தார். மேல் வீட்டுக்காரர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார். படி வளைவில் அலமாரி ஒருமுறை இடித்து, கீல் ஒன்று நெளிந்தது. வாத்து வேனில் எங்கள் இசை எதிர்காலம், மூன்று கம்பளிப் போர்வையோடு ஊர்வலம் போனது.

கண்ணாடி அறைக் கதவைக் கழற்றித்தான் உள்ளே நுழைக்க முடிந்தது. அண்ணன் மைக்கை ஹேங்கர் கம்பியில் தொங்கவிட்டார், கோட்டுக்கும் இரவு உடைக்கும் நடுவில். "முப்பது வருஷ அனுபவம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பஞ்சு உள்ளே ஏறி, முழங்காலைக் கட்டி, கதவைச் சாத்திக்கொண்டான்.

'சீழ்' ஓடியது.

முதல் உறுமலுக்கு அண்ணனின் மேஜைமேல் இருந்த விளக்குகள் எல்லாம் சிவப்புக்குப் போயின. இரண்டாவதற்கு, சுவரில் மாட்டியிருந்த தாலாட்டு அம்மையாரின் படம் கோணியது. டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சித்தப்பா திரும்பி நின்று, சுவரைப் பார்த்தபடி, தோல்பட்டையால் கண்ணைத் துடைக்கப் போனவர் ஆணி இருப்பது ஞாபகம் வந்து கையை இறக்கினார்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு பாட்டும் ஒரே மூச்சில் போனது. மூன்று வருஷம் அப்பாவின் தூக்கத்துக்குப் பயந்து மென்று விழுங்கியதையெல்லாம் அவன் துப்பிக்கொண்டிருந்தான். பாட்டுக்குப் பாட்டு அவன் அம்மா கதவைத் தட்டித் தண்ணீர் கொடுத்தார். பழக்கம். கதவு திறக்கும்போதெல்லாம் நெளிந்த கீல் கிறீச்சிட்டது. எண்ணெய் ஊற்றி ஊற்றி ஊமையாக வளர்த்த கதவு, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயைத் திறந்தது.

கடைசிப் பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டூடியோவின் வெளிக்கதவு திறந்தது. கரடிதான் வந்துவிட்டார் என்று நினைத்தோம். வந்தது பஞ்சுவின் அப்பா. ஒரு காலில் ஒரு ஜோடிச் செருப்பு, மறு காலில் வேறு ஜோடி. புருவத்தில் இன்னும் மாவு. அவர் எழுந்து பார்த்தபோது வீட்டில் மனைவியும் இல்லை, மனைவியின் துணியும் இல்லை, துணி வைக்கும் அலமாரியும் இல்லை. ஒரு மனிதர் வேறு என்ன முடிவுக்கு வருவார்? மேல் வீட்டுக்காரர்தான் வாத்து வேனைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வழியெல்லாம் அதைக் கேட்டுக் கேட்டு வந்தவருக்கு, வேன் ஸ்டூடியோ வாசலில் நின்றிருந்தது.

மனைவியைப் பார்த்ததும், "நான் என்ன தப்பு பண்ணேன், சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"ஐயோ, உக்காருங்க. நான் எங்கேயும் போகல. உங்க பையன் பாடுறான்."

"எங்க?"

அம்மா அலமாரியைக் காட்டினார். அதற்குள் கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது. 'இன்னும் கொஞ்சம் வாயைத் திற'. அப்பா வந்தது உள்ளே இருந்த பஞ்சுவுக்குத் தெரியாது. அவன் பாட்டுக்கு உறுமினான். அவன் அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் மெல்ல மாறியது.

"இது நம்ம வீட்டு மோட்டர்தானே?" என்றார்.

"எந்த மோட்டர்?"

"என் தலைமாட்டுச் சுவர்ல தினமும் ஓடுமே. அந்தத் தண்ணி மோட்டர். அது ஓடினாத்தான் எனக்குத் தூக்கமே வரும். முந்தாநாள்லேர்ந்து சரியா ஓடல, எனக்கும் பொட்டுத் தூக்கம் இல்லை. காலையில ஏதோ இழுக்கிற சத்தம் கேட்டுச்சு, மேல் வீட்டுல காலி பண்றாங்கன்னு சந்தோஷமா இருந்தேன்." அலமாரியைப் பார்த்தார். "பையனா அது?"

யாருக்குக் கேட்கக் கூடாது என்று சுவரோரம் ஒளிந்து பாடினானோ, அவருடைய தலைக்கு ஒரு சாண் தள்ளித்தான் மூன்று வருஷமும் பாடியிருக்கிறான். அலமாரிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பயல் யோசித்ததே இல்லை.

பாட்டின் உச்சம் வந்தது. பஞ்சு ஒரே மூச்சில் நீளமாக இழுக்க வேண்டிய இடம். போன பதிவுகளில் எல்லாம் பாதியில் அறுந்தது அங்கேதான். இழுத்தான். இழுத்துக்கொண்டே போனான். நாங்கள் மூச்சுவிடவில்லை. அவன் அம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைக்கு விக்கிக்கொள்ளும் என்ற ஒரே எண்ணத்தோடு கண்ணாடி அறைக்குள் ஓடினார். வாசலில் சட்டென்று நின்று அண்ணனைத் திரும்பிப் பார்த்து, கிசுகிசுப்பாக, "இங்க சத்தம் போடலாமா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தானேம்மா கட்டியிருக்கோம்" என்றார் அண்ணன்.

அம்மா அலமாரிக் கதவை விரியத் திறந்தார். கீல் கிறீச்சிட்டது. பகல் வெளிச்சத்தில், கோட்டுக்கு அடியில், பஞ்சு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தான். எதிரே கண்ணாடிக்கு அப்பால் அப்பா நிற்பதைப் பார்த்தான். கண் பெரிதானது. குரல் ஒரு இழைகூட இறங்கவில்லை. கதவு திறந்திருக்க, அப்பாவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, கடைசி எழுத்து வரை உறுமி முடித்தான்.

"தண்ணி குடிடா!" என்றார் அம்மா.

ஸ்டூடியோவே அதிர்ந்தது. பல வருஷமாக அந்தப் பெண்மணி குரலை உயர்த்தியதில்லை. உயர்த்தியபோது, பூமிக்கு அடியில் ஒரு பெரிய கல் நகர்ந்தது. பஞ்சுவுக்கு இது யார் வழியில் வந்தது என்று எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் கையை எடுத்து, "குடிடா!" என்று இன்னொரு தடவை சும்மா சொல்லிப் பார்த்தார்.

"பதிவாச்சாண்ணே?" என்றார் சித்தப்பா.

"கிறீச்சோட, தண்ணியோட, எல்லாம் ஆச்சு."

"எதையும் எடுக்காதீங்க."

பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். கரடி. எப்போது வந்தார் என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"உள்ள இன்னொரு ஆளுக்கு இடம் இருக்குமா?" என்று கேட்டார், மிகவும் மரியாதையாக.

"இல்லை" என்றான் பஞ்சு. அவன் சத்தமாகப் பேசி நான் கேட்ட முதல் வார்த்தை அது.

அண்ணன் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை முழு ஒலியில் போட்டுக் காட்டினார். பக்கத்துக் கட்டடத்து ஆட்கள் டிரில்லை நிறுத்திவிட்டு ஜன்னலருகே வந்து நின்றார்கள். எங்கள் முதல் ரசிகர்கள். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் பஞ்சுவின் அப்பா சோபாவில் வாயைப் பிளந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டார். எங்கள் இசைக்கு இதைவிட நல்ல விமரிசனம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. டீச்சர் அவருக்கு ஒரு போர்வை எடுத்துப் போர்த்தினார். போர்வைக்குப் பஞ்சமில்லை.

'வேர் சிகிச்சை' வெளிவந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் மறுபடியும் கேட்டார்கள்: அந்தக் குரல் யாருடையது, கடைசியில் கல்லறை திறக்கிற அந்த ஓசையை எப்படி உருவாக்கினீர்கள், அதன்பிறகு வரும் அந்தப் பெரிய அரக்கன் யார். அட்டையின் பின்பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது: குரல், பஞ்சு. கூடுதல் குரல், அம்மா. டிரில், பக்கத்துக் கட்டடம். அலமாரி, அதே அம்மா. பேஸ் கிட்டாரை அச்சகத்தில் விட்டுவிட்டார்கள்.

போன வாரம் காலையில் பஞ்சு வீட்டுக்குப் போயிருந்தேன். படியேறும்போதே கீழ்வாசல் வரை 'சீழ்' கேட்டது. அலமாரி பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது, ஆனால் உள்ளே துணி மட்டும்தான். பஞ்சு கூடத்தின் நடுவில் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, ஸ்பீக்கரில் ஓடிய ஆல்பத்தோடு சேர்ந்து பாடிப் பழகிக்கொண்டிருந்தான். அம்மா சமையலறையிலிருந்து "வா தம்பி!" என்றார். நான் ஒரு படி பின்வாங்கினேன். குக்கர் பாட்டுக்கு விசில் அடித்தது.

வாசலில் மேல் வீட்டுக்காரர் நின்றிருந்தார். பஞ்சுவின் அப்பா, அப்போதுதான் வேலையிலிருந்து வந்தவர், கதவருகே போனார்.

"சார், இந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சா நல்லாருக்கும்" என்றார் மேல் வீட்டுக்காரர்.

அப்பா புருவத்து மாவைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ராத்திரி பூரா அடுப்புல வெந்துட்டு வந்திருக்கேன் சார். மனுஷன் தூங்க வேண்டாமா?"

கதவைச் சாத்திவிட்டு, ஸ்பீக்கர் அருகே போய், இன்னும் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.